பழைய குருதியில் கண்டெடுத்த புதிய வைரஸ்: மகனின் ஊசியை நிறுத்தலாமா?

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து, தையல் வேலை செய்து குடும்பத்தைக் கொண்டு நடத்தும் தாய் ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு வயது பதினெட்டு. இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுத இருக்கிறார். பிறப்பிலேயே ஹீமோபீலியா ‘ஏ’, அதாவது குருதி உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணி மிகக் குறைவாக இருக்கும் நோய். 2009 இல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது, ஒன்றரை வயதுக் குழந்தையாக விழுந்து மேலுதட்டின் உட்புறம் கிழிந்து, இரண்டு நாளாகியும் இரத்தம் நிற்காததால் வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். நோய் இன்னதென்று அப்போதுதான் தெரியவந்தது. அன்று குழந்தைக்கு ஏற்றிய ‘மஞ்சள் தண்ணிப் பைகளை’ அந்தத் தாய் இன்றுவரை மறக்கவில்லை. அதன் பிறகு பல வருடங்களாக, குறைவாக உள்ள அந்தக் காரணியைக் கொடுக்கும் ‘பக்டர்’ ஊசி போடப்பட்டு வருகிறது.

சில மாதங்களுக்கு முன்னர் அவருக்குக் கைபேசியில் ஒரு குரல்பதிவு வந்திருக்கிறது. இரத்த நோயாளரிடம் புதிய வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அது ஊசி வழியாகப் பரவுகிறது, வைத்தியர்கள் மறைக்கிறார்கள் என்பது அதன் செய்தி. கிளினிக்கில் கேட்டபோது “அதெல்லாம் யோசிக்க வேண்டாம்” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன்பின் ஐந்து கிழமையாக மகன் ஊசி போடவில்லை. இதற்கிடையில் வலது முழங்கால் வீங்கி, எண்ணெய் போட்டுத் தேய்த்து, துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கணவர், “வெளியாரின் இரத்தம் வேண்டாம், என்னுடையதை எடுக்கட்டும்” என்கிறார். கொழும்பில் இந்த வைரஸைச் சோதித்துத் தருவதாக ஒருவர் சொன்னதை நம்பி, காப்பை அடகு வைக்கவும் யோசித்திருக்கிறார்கள். இருபத்துமூன்று வயது மகளுக்குச் சம்பந்தம் பேசி வருகிறார்கள். இந்த ‘இரத்த வருத்தம்’ அவளுக்கும் இருக்குமோ, மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல வேண்டுமோ என்ற கவலையும் அவருக்கு உண்டு. கடிதத்தின் நடுவே அவர் எழுதியிருந்த ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது: “அவன்ர தேத்தண்ணிக் கோப்பையை இப்ப தனியாக் கழுவி வைக்கிறன். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஒண்டும் கதைக்கிறேல்லை.”

அன்புள்ள அம்மா,

முதலில் அவசரமான விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். இதை வாசித்த மறுநாளே மகனை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், ஹீமோபீலியா நோயாளி, முழங்காலுக்குள் இரத்தக் கசிவு, ஐந்து கிழமையாக ஊசி இல்லை என்ற மூன்றையும் சொல்லுங்கள். எண்ணெய் போட்டுத் தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சுளுக்கிய காலுக்கு நல்லெண்ணெயும் தேய்ப்பும் எங்கள் ஊர்களில் வழிவழியாக வந்த கைமருந்து. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் உங்கள் மகனின் முழங்காலில் இருப்பது சுளுக்கு அல்ல. மூட்டுக்குள் இரத்தம் கசிந்து தேங்கி நிற்கிறது. தேய்க்கத் தேய்க்கக் கசிவு கூடும். அப்படித் தேங்கிய இரத்தம் மூட்டின் உட்சவ்வைத் தடிக்கச் செய்கிறது, தடித்த சவ்வு இலகுவில் மறுபடியும் கசிகிறது, சில வருடங்களுக்குள் குருத்தெலும்பு கரைந்து கால் மடங்காமற் போகிறது. இருபது வயதில் ஒரு காலை நுனிவிரலில் ஊன்றி நடக்கும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் அநேகரின் கதை, ஊசி கிடைக்காமலோ போடாமலோ போன சில மாதங்களில் இருந்துதான் தொடங்குகிறது.

இனி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கிளினிக்கில் உங்களுக்குக் கிடைத்த பதில் போதாது. யோசிக்க வேண்டாம் என்று சொன்னால் யோசனை நின்றுவிடாது. காரணத்தைச் சொல்லும் கடமை வைத்தியர்களாகிய எங்களுக்கு இருக்கிறது.

கண்டுபிடித்தது உண்மை, சொல்லப்பட்ட விதம் பிழை

குரல்பதிவு முழுப் பொய் அல்ல. 2015 ஆம் ஆண்டு, நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதக் குருதியில் அதுவரை அறியப்படாத ஒரு வைரஸைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள். அதற்கு ‘மனித ஹெப்பெஜிவைரஸ் 1’ என்று பெயரிட்டார்கள். ஈரலழற்சி ‘சி’யை உண்டாக்கும் வைரஸின் சில இயல்புகளும், பெஜிவைரஸ் எனப்படும் இன்னொரு கூட்டத்தின் சில இயல்புகளும் அதில் கலந்திருந்ததால் அந்தப் பெயர். அதே ஆண்டு இறுதியில் வேறொரு அமெரிக்க ஆய்வுக் குழு, ஈரலழற்சி ‘சி’ உடையவர்களின் குருதியில் தாங்கள் கண்ட வைரஸை ‘மனித பெஜிவைரஸ் 2’ என்று அறிவித்தது. இரண்டும் ஒரே வைரஸ்தான் என்பது பின்னர் தெரிந்தது. இரண்டு முடிவுகளுமே யாரும் வாசிக்கக்கூடிய ஆய்விதழ்களில் வெளிவந்தவை. ஆகவே எவரும் எதையும் மறைக்கவில்லை.

ஆனால் எந்தக் குருதியில் கண்டுபிடித்தார்கள் என்பதை உங்களுக்கு அந்தப் பதிவை அனுப்பியவர் சொல்லவில்லை. 1974 முதல் 1980 வரை அமெரிக்காவில் இரத்தம் ஏற்றப்பட்டவர்களிடமிருந்து, ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்து உறைநிலையில் பத்திரப்படுத்திய மாதிரிகள் அவை. அதாவது, நீங்களும் நானும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னர் எடுக்கப்பட்ட இரத்தம். 46 பேரின் மாதிரிகளை ஆராய்ந்ததில் இருவரிடம், இரத்தம் ஏற்றிய பின்னர் எடுத்த மாதிரியில் மட்டும், இந்த வைரஸ் இருந்தது. பிறகு, திரவவிழையத்திலிருந்து, அதாவது குருதியின் மஞ்சள் நிற நீர்ப்பகுதியிலிருந்து செய்த பழைய உறைகாரணி மருந்துகளைப் பெற்ற ஹீமோபீலியா நோயாளர் 106 பேரின் மாதிரிகளில் தேடியபோது மேலும் இருவரிடம் கிடைத்தது. அந்த நால்வரில் இருவருடைய உடல் வைரஸைத் தானாகவே அகற்றிவிட்டது. மற்ற இருவரிடம் ஐந்து வருடங்களுக்கு மேல் அது தங்கியிருந்தது. இந்த வைரஸால் இன்ன வருத்தம் வரும் என்று எவரும் நிறுவவில்லை.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் தணியும். சூடடித்த நெல்லைச் சுளகில் போட்டுப் புடைத்துப் பதரைப் பறக்கவிடுவதைப் போல, ஒரு துளிக் குருதியில் உள்ள மரபுப் பொருள் முழுவதையும் கருவி ஒன்றினால் வாசித்து, மனிதனுக்குரிய பகுதியைக் கணினியால் கழித்துவிட்டு, மிச்சமாக நிற்பதை ஏற்கெனவே தெரிந்த வைரஸ்களோடு ஒப்பிடுகிறார்கள். எதனோடும் முழுமையாகப் பொருந்தாமல் நின்ற துண்டுகளே இந்தப் புதிய வைரஸ். ஆகவே ‘புதிய வைரஸ்’ என்றால் உலகத்துக்குப் புதிதாக வந்து பரவும் வைரஸ் என்று பொருளல்ல, எங்கள் கண்ணுக்குப் புதிதாகப் பட்ட வைரஸ் என்பதே பொருள். நீங்கள் கொரோனாக் காலத்தைக் கண்டவர். ‘புதிய’ என்ற சொல் அந்த நினைவைக் கிளப்பியிருப்பது இயல்புதான்.

இதற்கு முன்னரும் இப்படி நடந்திருக்கிறது. 1990களின் நடுவில் இரண்டு குழுக்கள் ஒரு வைரஸைக் கண்டுபிடித்து, அதிலொரு குழு அதற்கு ‘ஈரலழற்சி ஜி’ என்று பெயரும் வைத்தது. பெயரைக் கேட்டே பலர் நடுங்கினார்கள். சோதித்துக்கொண்டே போனபோது, சுகதேகியான இரத்தக் கொடையாளர் பலரின் குருதியிலும் அது இருப்பதும், ஈரலை அது கெடுப்பதில்லை என்பதும் தெளிவாயின. இன்று அதை ஈரலழற்சி வைரஸ் என்று எவரும் சொல்வதில்லை. 1997 இல் யப்பானில், இரத்தம் ஏற்றிய பின் ஈரலழற்சி கண்ட ஒருவரிடம் கண்டறிந்த ரி.ரி. வைரஸின் கதையும் இதுவே: அது உலகில் பெரும்பாலானோரின் உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கிறது. எல்லா வைரஸும் நோய்க்கிருமி அல்ல, அம்மா. குருதியில் இருக்கிறது என்பது ஒன்று, நோய் செய்கிறது என்பது வேறொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போவதற்குப் பல வருட ஆய்வு வேண்டும்.

உங்கள் பயத்துக்கு ஒரு நியாயம் உண்டு

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நீங்கள் வீணாகப் பயந்தீர்கள் என்று எழுதினால் அது உண்மையாகாது. ஹீமோபீலியாக் குடும்பங்கள் மருந்தைப் பார்த்துப் பயப்படுவதற்குக் காரணம் இருந்த காலம் ஒன்று இருந்தது. 1970களிலும் 80களின் முதற்பாதியிலும் ஆயிரக்கணக்கானவர்களின் திரவவிழையத்தை ஒன்றாகக் கலந்து உறைகாரணியைத் தயாரித்தார்கள். கொடுத்தவர்களில் ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் முழுத் தொகுதியும் நஞ்சாகியது. அமெரிக்காவில் ஹீமோபீலியா நோயாளரில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. பிரித்தானியாவில் இதை விசாரித்த குழு 2024 மே மாதம் தனது இறுதி அறிக்கையை வெளியிட்டது: தொற்றுள்ள இரத்தத்தாலும் இரத்தப் பொருட்களாலும் 30,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள், இதில் பெரும்பகுதி தவிர்த்திருக்கக்கூடியது, உண்மை மறைக்கப்பட்டது என்று அந்த அறிக்கை சொன்னது. ‘வைத்தியர்கள் மறைக்கிறார்கள்’ என்ற பேச்சு உலகத்தில் எங்கிருந்து முளைத்தது என்பது இதிலிருந்து விளங்கும். அதனால்தான் விஞ்ஞானிகளும் நாற்பது வருடப் பழைய மாதிரிகளைத் திரும்பத் திரும்பத் தோண்டிப் பார்க்கிறார்கள். ஹெப்பெஜிவைரஸைக் கண்டுபிடித்தது ஆபத்து வந்துவிட்டது என்பதன் அறிகுறி அல்ல. காவல் நடக்கிறது என்பதன் அறிகுறி.

அந்தப் பேரழிவின் பின்னர் மருந்தைச் செய்யும் முறையே மாறியது. 1980களின் நடுவிலிருந்து உறைகாரணியை வெப்பமூட்டியும், கரைப்பானும் சவர்க்காரம் போன்ற பொருளும் சேர்த்தும் வைரஸை அழிக்கத் தொடங்கினார்கள். எச்.ஐ.வி., ஈரலழற்சி ‘பி’, ‘சி’ வைரஸ்களைச் சுற்றிக் கொழுப்பாலான ஒரு போர்வை உண்டு. மீன் பொரித்த சட்டியின் எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரம் கழற்றுவதைப் போல இந்த முறை அந்தப் போர்வையைக் கழற்றிவிடும். போர்வை போனால் வைரஸ் தொற்றும் வலுவை இழக்கும். ஹெப்பெஜிவைரஸும் ஈரலழற்சி ‘சி’யின் குடும்பத்தைச் சேர்ந்தது, அதே போர்வை உடையது. குரல்பதிவைக் கேட்டபோது நான் முதலில் நினைத்துப் பார்த்தது இதைத்தான். இதைவிட, 1992 முதல் மனித இரத்தமே தேவைப்படாமல், உயிரணுக்களை வளர்த்து ஆய்வுகூடத்தில் தயாரிக்கும் எட்டாம் காரணியும் பாவனைக்கு வந்துவிட்டது. உங்கள் மகனுக்குப் போடும் பக்டர் எந்த வகை என்பது அதன் குப்பியிலும் பெட்டியிலும் எழுதியிருக்கும். அதைக் கேட்பதற்கும் பார்ப்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் துப்புரவு எல்லா வைரஸையும் கொல்லாது. பார்வோவைரஸ் பி19 என்று ஒன்று உண்டு; 1975 இல், கொடையாளரின் இரத்தத்தில் ஈரலழற்சி ‘பி’யைத் தேடியபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. அதற்குக் கொழுப்புப் போர்வை இல்லாததால் சவர்க்கார முறைக்கு அது மசியாது. தலசீமியா போன்ற குருதிச்சோகை நோயாளருக்கு அது உண்மையாகவே கேடு செய்யும்: எலும்பு மச்சையில் செங்குழிய உற்பத்தியைச் சில நாட்களுக்கு நிறுத்திவிடும். ஹீமோபீலியா மட்டும் உள்ள, மற்றப்படி சுகமான உங்கள் மகன் போன்றவர்களுக்கு அது பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சலாக வந்து போய்விடும்.

2009 இல் ஏற்றிய அந்த மஞ்சள் பைகள்

அவை பெரும்பாலும் உறையவைத்த திரவவிழையமாகவோ, அதிலிருந்து பிரித்த, எட்டாம் காரணி செறிந்த ‘கிரையோ’வாகவோ இருந்திருக்கும். பக்டர் ஊசியைப் போல இவற்றுக்கு வைரஸ் அழிக்கும் படிமுறை வழமையாகச் செய்யப்படுவதில்லை. இவற்றின் பாதுகாப்பு, கொடுத்தவரைத் தெரிந்தெடுப்பதிலும் இரத்தத்தைச் சோதிப்பதிலும் தங்கியிருக்கிறது. ஆகவே அந்தப் பைகளைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்விதான், ஆனால் கேட்க வேண்டியது வேறு வைரஸ்களைப் பற்றி.

இலங்கையின் இரத்த வங்கிகள் ஒவ்வொரு கொடையையும் எச்.ஐ.வி., ஈரலழற்சி ‘பி’, ஈரலழற்சி ‘சி’, சிபிலிசு, மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கின்றன. 2014 முதல் இங்கே சேரும் இரத்தம் முழுவதும் காசு வாங்காமல் விரும்பிக் கொடுப்பவர்களுடையது. எங்கள் நாட்டில் ஈரலழற்சி ‘சி’யும் எச்.ஐ.வி.யும் குறைவு. என்றாலும், தொற்றிய முதல் நாட்களில் கொடுத்த இரத்தம் சோதனையில் தப்பக்கூடும் என்பதால், சிறுவயதில் திரவவிழையம் ஏற்றப்பட்ட எவரும் ஒரு முறையாவது சோதித்துக்கொள்வது நல்லது. உங்கள் மகனுக்கு நான் கேட்கச் சொல்பவை இவைதான்: ஈரலழற்சி ‘சி’, ஈரலழற்சி ‘பி’, எச்.ஐ.வி., ஈரலின் செயற்பாட்டுச் சோதனை. எல்லாமே அரச வைத்தியசாலையில் காசில்லாமல் செய்யக்கூடியவை. நான் எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் ஈரலழற்சி ‘சி’ இருப்பதாகத் தெரியவந்தால் அதற்காகவும் இடிந்துபோக வேண்டாம். 1989 இல்தான் அந்த வைரஸே கண்டுபிடிக்கப்பட்டது. இன்று எட்டு முதல் பன்னிரண்டு கிழமை மாத்திரை எடுத்தால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுக்கக் குணமாகிறது.

இடம்பெயர்வில் மகனின் குழந்தை சுகாதாரப் பதிவேடு தொலைந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஈரலழற்சி ‘பி’ தடுப்பூசி 2003 முதல் இலங்கைக் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது, ஆனால் அவர் கைக்குழந்தையாக இருந்த மாதங்கள் எப்படிப்பட்டவை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். போட்டதா இல்லையா என்று ஊகித்துக்கொண்டிருக்காமல், எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ஒரு குருதிச் சோதனையில் பார்த்து, இல்லாவிட்டால் இப்போது போட்டுவிடலாம். தசையில் ஆழமாகப் போடாமல் மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் போட்டு, அந்த இடத்தைச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்கும்படி தாதியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

காப்பை அடகு வைக்க வேண்டாம். ஹெப்பெஜிவைரஸுக்கு நோயாளருக்குச் செய்யும் வழமையான சோதனை கிடையாது; அது ஆய்வுகூடங்களில் ஆய்வுக்காகச் செய்யப்படுவது. எவராவது செய்து தந்தாலும் அந்த முடிவை வைத்து எந்த வைத்தியரும் உங்கள் மகனின் சிகிச்சையில் ஒரு சொட்டையும் மாற்றப்போவதில்லை. மாற்றம் எதையும் கொண்டுவராத சோதனைக்குக் காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

கணவரிடமும் சொல்லுங்கள்: தகப்பனுடைய இரத்தம்தான் பாதுகாப்பானது என்பது அன்பில் பிறந்த எண்ணம், ஆனால் குருதி அப்படி நடந்துகொள்வதில்லை. மிக நெருங்கிய உறவினரின் இரத்தத்தை ஏற்றும்போது, அதிலுள்ள வெண்குழியங்கள் பெறுபவரின் உடலை எதிர்த்துத் தாக்கும் அரிய, ஆனால் உயிராபத்தான நிலை ஒன்று உண்டு. அதனால் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் அப்படி ஏற்றுவதை நாங்கள் விரும்புவதில்லை. தவிர, மகனுக்கு வேண்டியது இரத்தம் அல்ல, அதிலுள்ள ஒரே ஒரு காரணி. கணவர் இரத்தம் கொடுக்க விரும்பினால் இரத்ததான முகாமில் கொடுக்கட்டும். அது வேறெங்கோ ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

நிறுத்தினால் என்ன, தொடர்ந்தால் என்ன

நீங்கள் தராசில் எதை எதற்கு எதிராக வைத்தீர்கள் என்பதைப் பாருங்கள். ஒரு தட்டில், அரை நூற்றாண்டுக்கு முந்திய இரத்தத்தில் ஒரு சிலரிடம் கண்ட, இன்றைய மருந்துகளில் அழிக்கப்படக்கூடிய, நோய் எதையும் செய்ததாக நிறுவப்படாத வைரஸ். மற்றத் தட்டில், மகனின் கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதாக நீங்களே குறிப்பிட்ட ‘ஒரு சதவீதத்திலும் குறைவு’ என்ற எட்டாம் காரணியின் அளவு. அது கடுமையான வகை. அடிபடாமலேயே மூட்டுக்குள் கசியும். துவிச்சக்கரவண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், வெளியில் ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே கசிந்து உயிரே போகக்கூடும். ஐந்து கிழமையாக நீங்கள் மகனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்த ஆபத்துக்குள் விட்டிருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

இனிமேல் மூட்டுக்குள் சூடும் குறுகுறுப்பும் தெரிந்தவுடனேயே, வீங்கும்வரை காத்திராமல், இரண்டு மணித்தியாலத்துக்குள் பக்டர் போடப் பாருங்கள். அதுவரை காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை அவ்வப்போது வையுங்கள். தலையில் அடிபட்டால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். முதலில் பக்டர், அதன் பிறகுதான் ஸ்கான் என்று வைத்தியரிடம் நீங்களே ஞாபகப்படுத்துங்கள். காய்ச்சலுக்கோ நோவுக்கோ பரசிற்றமோல் மட்டும் கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபினாக் எதுவும் வேண்டாம். டெங்குக் காலத்தில் இதில் இன்னும் கவனம் தேவை. எட்டாம் காரணி செய்ய வேண்டிய வேலையைச் செய்யும் எமிசிசுமாப் என்ற மருந்தும் இப்போது உண்டு. அது இரத்தத்திலிருந்து எடுப்பதல்ல, தோலுக்கடியில் போடுவது. மகனுக்கு அது பொருந்துமா, கிடைக்குமா என்பதைக் குருதியியல் நிபுணரிடம் கேட்டுப் பாருங்கள்.

மகளின் காரியம்

இந்த வைரஸுக்கும் மகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஹீமோபீலியாவுக்கும் மகளுக்கும் தொடர்பு இருக்கக்கூடும். இரண்டையும் ஒரே ‘இரத்த வருத்தம்’ என்று சேர்த்துப் பார்த்ததால்தான் உங்களுக்கு இவ்வளவு குழப்பம்.

உங்கள் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் தம்பி சிறுவயதில் பல்லுப் பிடுங்கிய பிறகு இரத்தம் நிற்காமல் இறந்துபோனார் என்று. அதற்குச் செய்வினையோ, பல்லுப் பிடுங்கியவரின் கைப்பிழையோ காரணமாக இருந்திருக்காது. பெரும்பாலும் அவருக்கும் இதே நோய் இருந்திருக்கும். எட்டாம் காரணிக்கான பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது; ஆண்பிள்ளைக்கு அந்த நிறமூர்த்தம் தாயிடமிருந்தே வருகிறது. தம்பிக்கும் மகனுக்கும் இருந்திருந்தால் இடையில் நின்று அதைக் காவியவர் நீங்கள். இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. கண்ணின் நிறத்தைப் போலப் பரம்பரையாக, உங்கள் தாயிடமிருந்து வந்தது. உங்கள் மகளும் அதைக் காவுவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று.

காவியாக இருந்தாலும் அவர் நோயாளி என்று பொருளல்ல. ஆனால் காவிகள் சிலரிடம் எட்டாம் காரணி குறைவாக இருக்கும். மாதவிடாய் ஒரு கிழமைக்கு மேல் நீடிக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் மகளின் எட்டாம் காரணி அளவை இப்போதே பார்த்துவிடுங்கள். அளவு சாதாரணமாக வந்தால் ‘காவி அல்ல’ என்று முடிவுகட்ட முடியாது. அதை உறுதியாகச் சொல்வது பரம்பரையலகுச் சோதனைதான். அந்தச் சோதனை வேண்டுமா, எப்போது என்பதை மகள் தீர்மானிக்கட்டும். வயது வந்தவர், உடம்பு அவருடையது. அவருடைய சம்மதமில்லாமல் அந்த முடிவை உங்களுக்குக் கூட வைத்தியர் சொல்லக் கூடாது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லும் பேச்சே இல்லை.

என்னுடைய அபிப்பிராயத்தைக் கேட்டால், திருமணத்துக்கு முன் மகள் தன் வாயாலேயே அந்தப் பையனுக்குச் சொல்வது நல்லது. தரகர் வழியாகவோ சபையில் வைத்தோ அல்ல, இருவரும் தனியே கதைக்கும்போது. பின்னர் கர்ப்பமாகும்போது மகப்பேற்று வைத்தியருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: ஆண்குழந்தையாக இருந்தால் உறிஞ்சுகருவி வைத்துப் பிரசவம் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டியிருக்கும், தாய்க்கும் பிரசவத்தின் பின் இரத்தப்போக்குக் கூடலாம். தெரிந்திருந்தால் இவை சமாளிக்கக்கூடிய விடயங்கள். உங்கள் தம்பிக்கு நடந்தது, எவருக்கும் எதுவும் தெரியாததால் நடந்தது.

மகனுக்கும் கொஞ்சம்

இந்தப் பதிலை மகனிடமும் வாசிக்கக் கொடுங்கள். பதினெட்டு வயதில் ஊசியை நிறுத்துவதும் தொடங்குவதும் தாயின் முடிவாக மட்டும் இருக்க முடியாது. “மற்றவரின் இரத்தம் எனக்குள் வேண்டாம்” என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பக்டர் எப்படித் தயாராகிறது என்று தெரிந்த பிறகும் அப்படித்தான் நினைக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். தன் நாளத்தில் தானே பக்டர் ஏற்றப் பழகலாம். அவரிலும் இளைய பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். நாளை பல்கலைக்கழகம் கிடைத்து வேறு ஊரில் இருக்க நேர்ந்தால் அது கைகொடுக்கும்.

ஹீமோபீலியா எவருக்கும் தொற்றாது. குருதியால் பரவும் வைரஸ்களும் கோப்பையால், கோப்பைத் தண்ணீரால், ஒரே பாயில் படுப்பதால் பரவுவதில்லை. நாளைக் காலையில் எல்லாருடைய கோப்பைகளோடும் சேர்த்து அவருடையதிலும் தேத்தண்ணீர் ஊற்றுங்கள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

கடைசியாக ஒரு வேலை. ஹெப்பெஜிவைரஸைக் கண்டுபிடிக்க முடிந்தது, 1974 இல் யாரோ ஒவ்வொரு குப்பியிலும் திகதி எழுதி வைத்ததால்தான். நீங்களும் ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு முறை பக்டர் போடும்போதும் திகதி, மருந்தின் பெயர், பெட்டியில் உள்ள தொகுதி இலக்கம், எத்தனை அலகு, என்னத்துக்காகப் போட்டது என்பவற்றை மகனைக் கொண்டு எழுதுவியுங்கள். ஏதாவது ஒரு தொகுதியில் பிழை என்று பிற்காலத்தில் செய்தி வந்தால், அது உங்களுக்கு உரியதா இல்லையா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தையல் நாடா உங்கள் கையிலேயே இருக்கிறது. மகனைக் காலை நீட்டி இருக்கச் சொல்லி, முழங்காற் சில்லின் மேல்விளிம்போடு நாடாவை வைத்து, இறுக்காமல் இரண்டு காலையும் அளந்து, இரண்டு அளவையும் முதற் பக்கத்தில் எழுதிக்கொண்டு நாளைக்கு வைத்தியசாலைக்குப் போங்கள்.